லீட்டருக்கு எம்புட்டு?

புது வண்டி வாங்கினவனிடம் ஊர் விலை கேட்கும். மைலேஜ் மாமா கேட்க மாட்டார். விலை ஒருநாள் அழுகை, தீனிதான் தினம் தினம் என்பது அவர் கட்சி. வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, பெட்ரோல் மூடி இருக்கும் பக்கமாக நின்று, "லீட்டருக்கு எம்புட்டு?" என்பார். கல்யாண வண்டியானாலும் இதே கேள்விதான். பிரேத வண்டி டிரைவரிடம் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்பார்.

இப்படி ஒருவர் ஹட்டனிலும் இருக்கிறார், நோர்வூட்டிலும் இருக்கிறார். மஸ்கெலியாக்காரருக்கு மட்டும் ஒரு தனி யோக்கியதை உண்டு. தோட்டத்தில் முப்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்று, சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ, முத்தல் இலைக்கு ஒரு கிலோ என்று கழித்துக் கழித்தே தலை நரைத்தவர். (கொழுந்துக்காரப் பெண்கள் அவருக்கு வைத்திருந்த பேரை இங்கே எழுத முடியாது.) ஓய்வு பெற்ற பிறகு கழிக்கக் கொழுந்து கிடைக்கவில்லை. கிலோமீட்டரில் இறங்கிவிட்டார்.

"இருபது ஓடுது மாமா" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் போதும். சட்டைப்பையிலிருந்து பழைய செக்ரோல் மாதிரி கோடு போட்ட கொப்பி வெளியே வரும்.

"கம்பெனிக்காரன் சொன்னதா, நீ அளந்ததா?"

"கம்பெனி சொன்னதுதான்."

"அவன் வண்டிய உருளை மேல நிப்பாட்டி ஓட்டிப் பார்த்துச் சொல்றான். நம்ம ரோட்டுல உருளையா இருக்கு? மேட்டுக்கு மூணு கழி. மழைக்கு ஒண்ணு. கூட ஏறுற ஒன் மச்சான் எடை எவ்வளவு?"

மச்சானுக்கு ஒன்று போகும். மிஞ்சியதைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

கழிவு அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. டிக்கோயா வளைவுகளில் இரண்டாம் கியரும் மூன்றாம் கியருமாக முக்கிக்கொண்டு போகிற வண்டி, கொழும்பு ரோட்டில் குடிக்கிற அளவோடு இங்கே நிறுத்திக்கொள்ளாது. பிரேக் கட்டையும் கிளட்சும் தேய்கிற கணக்கு வேறு. மவுசாகலை நீர்த்தேக்கத்தின் மேலும் மாமாவுக்கு ஒரு வழக்கு உண்டு. 1969இல் தண்ணீர் நிரம்பிப் பழைய மஸ்கெலியா டவுன் உள்ளே போனது. வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயிலையும் பள்ளிவாசலையும் பார்க்க ஊரே ஓடும். மாமாவும் போவார். பழைய ரோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, "இப்படி நேரா விட்டிருந்தா எம்புட்டு மிச்சம்" என்று பெருமூச்சு விட்டுத் திரும்புவார்.

சொந்தமாக வைத்திருப்பது ஒரு பழைய பஜாஜ் த்ரீவீல். ரெக்சின் ஹூட், இரண்டு பக்கமும் திறந்த வெளி. இறக்கம் வந்தால் என்ஜினை அணைத்துவிடுவார். சவாரிக்காரர்கள் பிள்ளையாரைக் கூப்பிடுவது தெளிவாகக் கேட்கிற அளவுக்கு அமைதி. ஒருநாள் கராஜ் பையன் ஒருவன், புதுக் கார்களில் கியரிலேயே இறங்கினால் பெட்ரோல் தானாகவே நின்றுவிடும், நியூட்ரலில் விட்டால்தான் சும்மா ஓடுகிற என்ஜினுக்குக் கொஞ்சம் செலவாகும், அணைத்தாலோ பிரேக் கல்லாகிவிடும் என்று விளக்கினான். மாமா இரண்டு நாள் டீக்கடைக்கு வரவில்லை.

அவருடைய பொற்காலம் 2022. நாடே பெட்ரோல் ஷெட்டில் படுத்துக் கிடந்த வருஷம். ஜூன் கடைசியில் 92 பெட்ரோல் 470 ரூபாய். பிறகு கியூஆர் பங்கீடு வந்தது: த்ரீவீலுக்கு வாரம் 5 லீட்டர். மற்றவர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டபோது, "அஞ்சு லீட்டரை வச்சுக்கிட்டு என்ன செய்யிறதாம்?" என்று கேட்ட ஒரே மனிதர் இவர்தான். டவுனில் எல்லா வண்டியும் காய்ந்து கிடக்க, மாமாவின் டாங்கியில் மட்டும் எப்போதும் மூன்று லீட்டர் தளும்பும். ஓடினால் தீர்ந்துபோகுமே என்று அவர் ஓடவே இல்லை. ஒரே ஒரு ராத்திரி, லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டு, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு எடுத்தார். காசு வாங்கவில்லை. மறுநாள் கொப்பியை எட்டிப் பார்த்தேன். அந்த ஓட்டத்துக்கு நேரே 'ஈரக் கழிவு' என்று எழுதியிருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து அவருக்குத் தொழில் மந்தம். அதே பழைய வண்டிகள், அதே பதில்கள். 2025 பிப்ரவரியில் தடை நீங்கியும் மஸ்கெலியாவுக்குப் புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. ஏப்ரலில்தான் வந்தது. நுவரெலியாவில் வசந்த காலம். 1934இல் முதன்முதலாக நடந்த மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு கொழும்பு வண்டிகள் மலைக்கு ஏறுகிற மாதம். அதில் ஒன்று சிவனொளிபாத மலையைப் பார்க்கலாம் என்று இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, தலைக்கு மேலே ஒன்றுமில்லை. மாஸ்டா ரோட்ஸ்டர். ஓட்டி வந்த பையன் கறுப்புக் கண்ணாடியும் கலைந்த முடியுமாக டீக்கு இறங்கினான்.

மாமா சுற்றி வந்தார். அடியில் கைவிட்டுச் சாண் அளந்தார். ஒரு சாணுக்கும் குறைவு. "தோட்டத்து ரோட்டுக்குப் போயிராத தம்பி, வயிறு கிழிஞ்சிரும்" என்றார். பிறகு, "லீட்டருக்கு எம்புட்டு?"

"பார்த்ததே இல்ல அங்கிள்."

டீக்கடை மௌனமாகிவிட்டது. மாமாவின் முகத்தில் அப்படியொரு வேதனையை, பெரிய கொழுந்து நாளில் தராசு உடைந்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

பையன் நல்லவன். போனில் தேடிப் பார்த்து, ஒன்றரை லீட்டர் என்ஜின், 15 கிட்ட ஓடும், 95 பெட்ரோல்தான் போட வேண்டும் என்றான். கொப்பி திறந்தது. மேட்டுக்கு மூன்று. ஹூட் இல்லாமல் காற்றை வாங்குவதற்கு ஒன்று. "எள ரத்தத்துக்கு நாலு." மிஞ்சியது 7. அந்த மாதம் 95 லீட்டர் 361 ரூபாய். கிலோமீட்டருக்கு 51 ரூபாய் 57 சதம்.

"ஒரு பேர், தோட்டத்துல ஒரு நாள் சம்பளம், 1,350. இருபத்தாறு கிலோமீட்டர்ல ஒரு பேரைத் தின்னுருது. ஹட்டன்ல இருந்து நீ இங்க வந்ததுக்கே முக்காப் பேர் போச்சு. டயர் தனி." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நம்ம த்ரீவீலும் ஹூட் வண்டிதானே, இதுல என்னா இருக்கு?" என்றார்.

பையனுக்கு அது கேட்டுவிட்டது. "ஏறிப் பாருங்க அங்கிள்."

ஏற மாட்டார் என்றுதான் நினைத்தோம். ஏறினார். ஏறினார் என்பதைவிட இறங்கினார் என்பதுதான் சரி, சீட்டு அவ்வளவு தாழ்வு. மவுசாகலை அணைப் பக்கம் போன சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். மாமாவின் நரைத்த முடி மொத்தமும் பின்னால் படிந்து, பத்து வயது குறைந்திருந்தது. கண்ணில் தண்ணீர். காற்றாக இருக்கலாம்.

"எப்பிடி மாமா?" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அவர் பதில் சொல்லவில்லை. கொப்பியை எடுத்து நனைந்த விரலால் பக்கம் புரட்டினார். போய்வந்தது 4 கிலோமீட்டர், 206 ரூபாய் 28 சதம், ஆளுக்குப் பாதி. நூற்றுப் பத்து ரூபாயைப் பையன் கையில் வைத்துவிட்டு, மிச்சம் 6 ரூபாய் 86 சதத்துக்குக் கையை நீட்டியபடி நின்றார். பையனிடம் சில்லறை இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. பையன் ஹூட்டை இழுத்துப் போடப் பறக்கிறான். மாமா கதவை விட்டு நகரவில்லை.