மணிக்கூடு இல்லாத மண்டபம்

கசினோக்களில் பெரும்பாலும் சுவரில் மணிக்கூடு இருக்காது, யன்னலும் இராது. விடிஞ்சது தெரிந்தால் ஆட்டக்காரன் எழும்பிவிடுவானாம். சாப்பாடு, குடிவகை எல்லாம் உபசாரம். உள்ளே போகத்தான் இலங்கையருக்கு வரி. 50 டொலராக இருந்ததை 2025இல் 100 ஆக்கினார்கள். நேரம் குறித்துக்கொண்டு ஆடு, தோற்றாலும் தாங்கக்கூடியதை மட்டும் வை என்று புத்தி சொல்லவும் ஆட்கள் உண்டு.

புளியங்குளத்தில் அந்தப் புத்தியைச் சொல்லிப் பாருங்கள். காலபோகத்துக்கு மனுசியின் சங்கிலியை அடைவு வைத்து, விதைநெல்லை எறிந்துவிட்டு, வானத்தைப் பார்த்து நிற்கிறவரிடம்! அவருடைய காவல் கொட்டிலிலும் மணிக்கூடு இல்லை. யானை நேரம் கேட்டு வருவதுமில்லை. உபசாரத் தேத்தண்ணி வீட்டிலிருந்து போத்தலில் வரும், ஏச்சும் சேர்த்து. ஐப்பசி மழை பிந்தினால் பாதி போச்சு. வெட்டுகிற நேரம் கொட்டினால் மிச்சமும். தாங்கக்கூடிய தோல்வி என்று எந்த ஏக்கரை ஒதுக்குவது?

சந்தியில் லொத்தர் விற்கிற பொடியன் அவரை மறித்தான்.

"அண்ணை, ஒண்டு எடுங்கோவன். நாளைக்குத்தான் இழுக்கிறாங்கள்."

அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம் தம்பி. எனக்குச் சூதாட்டம் பழக்கமில்லை."