நாலு மணிச் சங்கு

தொண்ணூறுகளின் கடைசியில் கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைத்துப் படுத்ததில்லை. கூட்டுறவு சர்க்கரை ஆலையின் சங்கு இருந்தது. அரவை நடக்கும் மாதங்களில் விடியற்காலை நாலு மணிக்கு அது ஊதும். அடுப்படி விளக்கைப் போட்டுக்கொண்டே ஆயா, "சங்கு ஊதிட்டான், ஏந்திருடா" என்பாள். ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவார்கள். கோமுகி அணைப் பக்கம், கல்வராயன் மலையடிவாரத்தில் பட்டி போட்டிருந்தவர்களும் அதே சங்குக்குத்தான் எழுந்தார்கள்.

பகல் பன்னிரண்டுக்கும் அதே சங்குதான் ஊதும். ஆனால் கரும்புக்காட்டில் சோகை உரிக்கிறவர்களுக்கு அரைகுறையாகத்தான் விழும். காரணம் காற்றில் இருந்தது. விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ளது வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து, தரையோடு தரையாக வெகுதூரம் போகும். வெயில் ஏறினால் தரை கொதிக்கும், ஒலி மேலே வளைந்து போய்விடும். இரவின் அமைதியும் சேர்ந்துகொண்டதால்தான் நாலு மணிச் சங்குக்கு அவ்வளவு வலு.

சைரன்களின் சத்தத்தை ஒப்பிடுகிறவர்கள் முதலில் டெசிபலைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 1952-ல் வந்த கிரைஸ்லர் சைரன் 180 குதிரைத்திறன் எஞ்சினில் ஓடியது. நூறு அடி தள்ளி நின்று அளந்தால் 138 டெசிபல். இந்த எண்ணைவிட அந்த நூறு அடி எனக்கு முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். மரம், வீடு, மேடு பள்ளம் எல்லாம் சேர்த்து 10 என்றே கணக்கு வைப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் நூறு அடியில் 120 டெசிபல் காட்டும் சைரன் இரண்டு கிலோமீட்டரில் 60-க்கு வந்துவிடும். சுற்றியுள்ள இரைச்சலைவிடப் பத்து டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் அது எச்சரிக்கை. இன்று எங்கள் தெருவில் டிப்பரும் டிராக்டரும் ஏர் ஹாரனும் ஓயாத நேரத்தில் 60 எந்த மூலைக்கு?

அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்றால் அன்று தண்டோரா போடுவார்கள். பறையோடு தெருத் தெருவாக நடந்தவர் வாசலில் நின்று, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அந்த வேலை சாதியோடு கட்டப்பட்டிருந்தது. 2022-ல் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொன்னது அரசு, சரியான முடிவு. அந்த இடத்துக்கு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது, பிறகு கைப்பேசி. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாடு முழுவதும் சோதனை எச்சரிக்கை அனுப்பினார்கள். கையில் இருந்த போன் திடீரென அலறியதில் டீக்கடையே திடுக்கிட்டது. அரை அடி தூரத்தில் அதைவிடச் சத்தம் தேவையில்லை.

ஆனால் அந்தச் சத்தம் டவர் இருக்கும் வரைதான். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலையில், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தென்பெண்ணையில் வந்தது. ஐந்து கட்டமாக எச்சரித்தோம் என்றது அரசு, போதவில்லை என்றன எதிர்க்கட்சிகள். எத்தனை முறை அனுப்பினார்கள் என்பதைவிட, மழை கொட்டும் இருட்டில், கரண்ட் போன வீட்டில், சார்ஜ் இறங்கிய போனுக்குப் பக்கத்தில் தூங்கியவர் காதில் என்ன விழுந்தது என்பதையே நான் கேட்பேன்.

மலைமேல் நிலைமை இன்னும் கடினம். வெள்ளிமலை, கரியாலூர் போன்ற ஊர்களை விட்டு உள்ளே போனால் போனில் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் ஊதும் சைரன் அந்தப் பக்கத்து ஓடைக்கரைக் குடிசைக்குப் போய்ச் சேராது. ஒலிக்கும் நிழல் உண்டு. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலைக்கும் மருத்துவத்துக்கும் உள்ள அவசரம் எச்சரிக்கை போய்ச் சேர்வதற்கும் உண்டு.

ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் சூரிய மின்சாரத்தில் ஓடும் ஒரு சிறிய சைரன் போதும். மாட்டும் நாளில் கம்பத்தடியில் நின்று மீட்டர் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. விடியற்காலை நாலு மணிக்கு ஒரு தடவை, நடுப்பகலில் ஒரு தடவை, அடைமழையில் ஒரு தடவை ஊதிப் பார்க்க வேண்டும். கடைசிக் குடிசையில் இருக்கும் கிழவியிடம் கேட்டதா என்று கேட்டு, அவர் சொல்வதைத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும்.