ஒட்டும் உறவும்

தோட்டக் குளத்து விரிப்பில் ஓட்டை விழுந்தால் நம்மாள் நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய்க் கேட்பது சிலிகான். கடைக்காரர் நீட்டும் டியூபில் '100% சிலிகான்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். குளியலறைக்கென்று செய்ததாக இருந்தால் அதற்குள் பூஞ்சைக்கொல்லியும் குடியிருக்கலாம்; அது பொடி எழுத்தில். பூஞ்சையைக் கொல்கிற சரக்கு மீனை மட்டும் மாமன் மச்சானாக நடத்துமா? 'வினிகர் வாடை அடிக்கிறதே, அதுதானே விஷம்?' என்பார்கள். இல்லை. அது இறுகும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலம். இறுகி முடிந்ததும் போய்விடும். மீன்தொட்டிக் கண்ணாடியை ஒட்டுவதே பெரும்பாலும் அந்த வாடைக்காரன்தான்.

சரி, மீனுக்கு ஆகிற சிலிகானே வாங்கியாயிற்று, போதாதா? போதாது. கண்ணாடியைக் கட்டிப்பிடிக்கும் சிலிகான், குளத்து விரிப்பாக வரும் இபிடிஎம் ரப்பரிடமும் பாலித்தீனிடமும் தாமரை இலைத் தண்ணீர்தான். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினால் வாழைப்பழத் தோலாக உரிந்து வரும். மீனுக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர்தான் இருக்காது. ரப்பர் விரிப்புக்கு ரப்பர் ஒட்டு, பிவிசிக்கு பிவிசி ஒட்டு. பாசியைத் துடைத்து, ஒட்டி, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் முழுக்கக் காயவிடுங்கள். அதுவரை மீன்கள் ஓர் அண்டாவில் இருக்கட்டும்.