மஞ்சள் விளக்கு மகாத்மியம்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள மாமா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் குழந்தைகளும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்திற்கும் அத்தையின் முழங்கால் வலி விஷயத்திற்கும் விவரமாக எழுத வேண்டியது. காரும் க்ஷேமமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முகப்பிலே எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று மாத்திரம் அதை ஒப்புக்கொள்ள மறுத்து, இரவும் பகலும் எரிந்து என் பிராணனை வாங்கிவிட்டது.

இதை நான் தொலைபேசியில் பிரஸ்தாபித்தபோது, "அந்த பல்பைப் புடுங்கி வீசிப்போட்டு வண்டிய ஓட்டுங்க மாப்பிள்ளை" என்று தாங்கள் அருளிய உபதேசம், பல்லடம் சாலையிலும் காங்கேயம் சாலையிலும் நெடுங்காலம் அம்பாசிடரில் சவாரி செய்த ஞானத்தில் விளைந்தது என்பதை நான் அறிவேன். அந்த வண்டியில் எண்ணெய்க்கு ஒன்று, பாட்டரிக்கு ஒன்று என்றிருந்த விளக்குகள் எரியாமலே ஆயுளைக் கழித்தன. வண்டிக்கு என்ன உபாதை என்பதைச் சத்தத்தைக் கொண்டும், வாசனையைக் கொண்டும், இரண்டும் பலிக்காதபோது அது நடுரோட்டில் நின்ற கோலத்தைக் கொண்டும் நாம் தெரிந்துகொண்டோம். இந்த ஊரில் அது நடவாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அரசாங்கப் பரிசோதனை நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். அங்கே சாவியைத் திருப்பியவுடன் விளக்கு எரியாவிட்டால் குற்றம், எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அணையாவிட்டால் அதைவிடப் பெரிய குற்றம்.

விசாரித்துப் பார்த்ததில், அது எஞ்சினுக்காக எரியும் விளக்கே அல்லவென்று தெரிந்தது. 1990-இல் அமெரிக்கர்கள் தங்கள் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி 1996 மாடல் தொடங்கி, இங்கே விற்பனையாகும் ஒவ்வொரு காரும் தன் புகையைத் தானே வேவு பார்த்து, கண்ட குறைகளைப் பொதுவான எண்களில் குறித்து வைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள பதினாறு முனை சாக்கெட் வழியாகக் கேட்டவருக்கெல்லாம் ஒப்பிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிவதற்கு வேறொரு சிவப்பு விளக்கு உண்டு. டயர் தேய்ந்தாலும் இது கவலைப்படுவதில்லை. புகை ஒழுக்கம் தவறினால்தான் இதற்குப் பொறுக்காது.

சாயப்பட்டறை நடத்திய தங்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பின்பு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் நொய்யல் ஆற்றுக்குப் போகலாகாது என்ற நிபந்தனையோடு நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதா? சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் நீரில் ஒரு சோதனை, வெளிவரும் நீரில் ஒரு சோதனை. இரண்டும் ஒரே லட்சணமாயிருந்தால் நடுவேயுள்ள யந்திரமெல்லாம் வெறும் அலங்காரம் என்றல்லவா அர்த்தம்? காரின் புகைக்குழாய் நடுவிலும் அப்படியொரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான் கட்டியின்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் பிராணவாயுவை மோந்து பார்க்கும் சென்சார்கள் இரண்டு. என் கார் 2002 மாடல். அதில் முன்னது ஒரு வோல்ட்டுக்குள் ஓயாமல் ஏறி இறங்கும், பின்னது அநேகமாக அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப்போல ஆடத் தொடங்கினால் கம்ப்யூட்டர் சந்தேகம் கொண்டு, பி0420 என்ற எண்ணைப் பதிந்து விளக்கை ஏற்றிவிடுகிறது. (அந்த உலோகங்களின் விலைக்காக நிலையத்தையே இரவோடிரவாக அறுத்துக்கொண்டு போகும் திருடர்கள் இந்நாட்டில் உண்டு. நொய்யல் கரையில் எத்தனையோ அக்கிரமம் நடந்தும், சுத்திகரிப்பு நிலையத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவன் என்று ஒருவனையும் நான் கேள்விப்பட்டதில்லை.)

கீழ்வீட்டுக்காரர் பெட்ரோல் டாங்கின் மூடியை இறுகத் திருகச் சொன்னார். அதையும் பரிகசிப்பதற்கில்லை, ஏனெனில் கசியும் பெட்ரோல் ஆவிக்காகவும் இந்த விளக்கு எரிவதுண்டு. ஆனால் அதற்கு எண் வேறு. விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாமாம், சிமிட்டினால் உடனே ஓரங்கட்ட வேண்டுமாம். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அந்தப் பீங்கானுக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடுமென்று பயம். முதலில் போன பட்டறையில் எண்ணைப் படித்த க்ஷணமே, காரின் கீழே குனிந்தும் பாராமல், நிலையத்தையே மாற்ற வேண்டுமென்று சொல்லிக் காரின் விலைக்குச் சமீபமாக ஒரு தொகையையும் சொன்னார்கள். புகார் வந்த மறு நிமிஷம் பட்டறைக்குப் பூட்டுப் போடுகிற அதிகாரிகளைப் பார்த்த எனக்கு, இந்த அவசரம் புதிதல்ல.

பிறகு எக்வடார் தேசத்துக் கிழவர் ஒருவரிடம் போனேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு ஸ்பானிஷ் பூஜ்யம். ஆதலால் வீண் பேச்சு இல்லை. வண்டியை இரவு முழுதும் குளிர விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். டிக் டிக்கென்று மெல்லிய ஓசை கேட்டது; குழாய் சூடேறி இரும்பு விரிந்ததும் அது மறைந்துபோயிற்று. எஞ்சினை நிறுத்திவிட்டு, வாக்குவம் கிளீனர் காற்றைத் திருப்பி வால்குழாய்க்குள் ஊதவிட்டு, மூட்டு மூட்டாகச் சோப்பு நீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். நிலையத்துக்கும் பின் சென்சாருக்கும் இடையிலுள்ள மூட்டில், கரி படிந்த ஓரத்திலிருந்து, பொங்கல் பானைபோல் நுரை பொங்கிற்று. கேஸ்கெட் இற்றுப்போய் அவ்வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்து, பின் சென்சாரின் மூக்கை ஏமாற்றியிருக்கிறது. நிலையத்தின்மேல் யாதொரு பழியுமில்லை. பனிக்காலத்தில் இவர்கள் சாலையெங்கும் தூவும் உப்பினால் துருவேறிய போல்ட்டுகளைக் கழற்றப் பட்ட சிரமந்தான் அதிகம்; கேஸ்கெட்டின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் காணாது.

விளக்கை அணைத்தவுடன் பரிசோதனைக்கு ஓடிவிடவும் முடியாது. பழைய பதிவை அழித்தால் காரின் சுயபரீக்ஷைகளும் கூடவே அழிந்துபோகின்றன. கார் மறுபடி அவற்றில் தேறும் வரையில் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் காரியமில்லாமல் போய்வர வேண்டும். போய்வந்து, பரிசோதனையில் தேறி, கண்ணாடியில் ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று.

தாங்கள் அனுப்பிய பனியன்கள் கிடைத்தன. 90 சைஸ் இனி எனக்குப் பற்றாது. பால் வாங்குவதற்கும் காரிலேயே போகிற தேசமிது. அடுத்த முறை 100 அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்