சால்வை தயார், ஆணை எங்கே?

ஆர்.கே.பேட்டையில் அடுத்த மே 12-ஆம் தேதி செவிலியர் தின விழா எடுக்க நினைக்கும் பெருமக்களே! உங்கள் சிரமத்தைக் குறைக்க என்னால் ஆன சில யோசனைகள். கட்டணம் கிடையாது.

முதலில் கூட்டம். கத்திரி வெயிலில் யாரும் தானாக வர மாட்டார்கள். நைட் டூட்டி முடித்து வெளியே வரும் சிஸ்டர்களை அப்படியே வேனில் ஏற்றி மண்டபத்தில் இறக்கிவிடுங்கள். வீட்டுக்கு விட்டால் தூங்கிவிடுவார்கள், முன்வரிசை காலியாகத் தெரியும்.

அடுத்து மெழுகுவத்தி. நைட்டிங்கேல் அம்மையார் 1820-ல் இதே நாளில் பிறந்தவர், கையில் விளக்கோடு நோயாளிகளைச் சுற்றி வந்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிரிமியப் போரில் காயத்தால் செத்த சிப்பாய்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம் என்று கணக்கெடுத்து, 1858-ல் அதை வண்ணப் படமாக அச்சடித்து, அதிகாரிகளைத் திணறடித்தவரும் அவர்தான் என்பதெல்லாம் எதற்கு? விளக்குப் பிடிக்கும் நர்ஸால் யாருக்கும் தொந்தரவில்லை. கணக்குப் பார்க்கும் நர்ஸ்தான் வில்லங்கம்.

விழாவின் உயிர்நாடி, ‘கருணைப் பகிர்வு’. ஒவ்வொரு சிஸ்டரும் இரண்டு நிமிடம் பேசலாம். பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு அழுதது, பிறந்த குழந்தைக்குத் தன் பெயரை வைத்தது போன்றவை உத்தமம். நைட் டூட்டி விவரத்துக்குள் யாராவது இறங்கினால் உடனே கைதட்டி உட்கார வைத்துவிடுங்கள். ஏனென்றால் அது இப்படித்தான் போகும்:

ராத்திரி ஒன்றரை மணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிஸ்டர் ஒருவர்தான். டாக்டர் போனில். பிரசவ அறையில் அம்மையார்குப்பம் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தலைச்சன் பிரசவம். வாசலில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்திருக்கிறது. ரத்தம் எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். சாய்த்தால் உறையாமல் ஓடுகிறதா, விரியன் விஷம் ஏறிவிட்டது. அந்த 20 நிமிடத்துக்குள் உள்ளே குழந்தை பிறக்கிறது. தொப்புள்கொடியை வெட்டி, நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததா என்று பார்த்து, கையுறையைக் கழற்றி ஓடிவந்து குழாயைச் சாய்த்து, விஷமுறிவு மருந்தை ஏற்றி, 108-ஐக் கூப்பிட்டு, திருத்தணிக்குச் சீட்டு எழுதி, மறுபடியும் உள்ளே ஓடி தாய்க்கு உதிரப்போக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விடிந்ததும் யாரோ ஒரு உறவுக்காரர், “ஏம்மா, கொஞ்சம் சிரிச்சுப் பேசினாத்தான் என்ன?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

இதைக் கேட்கும் சபை, “இன்னொரு சிஸ்டர் எங்கே?” என்று கேட்டுவிடும். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்று இந்திய செவிலியர் கவுன்சில் விதி வைத்திருப்பதை யாராவது எடுத்துவிடுவார். விழா விசாரணைக் கமிஷனாகிவிடும்.

‘தனிமனித வளர்ச்சி’ பற்றி ஒரு சொற்பொழிவும் வைக்கலாம். உதாரணத்துக்கு நம் ஊரிலேயே ஆள் இருக்கிறது. 2015-ல் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதி 7,000-க்கும் மேற்பட்ட செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்கு வந்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். இரண்டு வருடம் கழித்து, 2017 நவம்பர் கடைசியில், சென்னை தேனாம்பேட்டையில் சுகாதாரத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து அதை நினைவுபடுத்தினார்கள். வேலைக்குத் திரும்பச் சொன்னது நீதிமன்றம். 7,700 பிறகு 14,000 ஆனது, 18,000 ஆனது. வளர்ச்சிதானே! ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கும் இந்த ஒப்பந்தச் செவிலியர்கள், தங்கள் பேறுகாலத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு கேட்டு உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்பதை நீதிபதிகள் வாயால் கேட்டால்தான் அரசுக்கு விளங்குகிறது.

மேடையில் பூ தூவும் யோசனை இருந்தால் ஜாக்கிரதை. 2020 மார்ச்சில் வாசலில் நின்று கை தட்டினோம். மே 3-ஆம் தேதி ஹெலிகாப்டரிலிருந்து மருத்துவமனைகள் மீது பூ தூவினார்கள். அந்தக் கொரோனா வேலைக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்தவர்களில் 2,400-க்கும் மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள். புத்தாண்டுப் பரிசு! தெருவில் உட்கார்ந்ததும், மாவட்ட அளவில் வேறு தற்காலிக வேலை தருவதாகச் சொன்னார்கள். தற்காலிகத்திலிருந்து தற்காலிகத்துக்குப் பதவி உயர்வு. வேலைக்கு எடுத்தது ஒரு கட்சியின் ஆட்சி, அனுப்பியது இன்னொரு கட்சியின் ஆட்சி. ஆகவே இரு தரப்பையும் ஒரே மேடையில் தைரியமாக உட்கார வைக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் சண்டை வராது.

தனியார் நர்சிங் ஹோம் உரிமையாளர்களைப் பொன்னாடை போர்த்த அழைப்பீர்கள். நல்லது. உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்தது. மைக் அவர்களிடம் போகும்போது இதை மட்டும் கேட்டுவிடாதீர்கள், நன்கொடை நின்றுவிடும்.

கடைசியாக நன்றியுரை. “உங்கள் சேவைக்கு விலையே கிடையாது” என்று முடிப்பது நம் வழக்கம். அந்தப் பொய்யை முதலில் நிறுத்துங்கள். விலை இருக்கிறது. நிரந்தரப் பணியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸுக்கு அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, ஊதிய உயர்வு, விடுப்பு என்று அரசே வரிவரியாக எழுதி வைத்திருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் அதே ஊசியைப் போடும் ஒப்பந்த சிஸ்டருக்கு வரும்போதுதான் சேவை, தியாகம், தேவதை என்று நாக்கு தித்திக்கிறது. தேவதை என்றால் வாடகை கேட்க மாட்டாள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட மாட்டாள் என்ற நினைப்பு.

கருணை அவர்களிடம் ஏராளமாக இருக்கிறது. அதைச் சொல்லிக்காட்டச் சொல்லி மேடை ஏற்றத் தேவையில்லை. அதில் பிழைத்தவர்கள்தான் நாமெல்லாம். அது சுத்தமாக வறண்டு கிடப்பது கோட்டையில். சால்வையை நீங்களே போர்த்திக்கொள்ளுங்கள். பணி நிரந்தர ஆணையை அவர்கள் கையில் கொடுங்கள்.