காம்பராவைப் பிடித்த எலிகள்

கேள்வி: மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த எங்கள் லயத்துக் காம்பரா முழுக்க எலிப் புழுக்கை. கூட்டித் தள்ளிவிட்டுக் குடிபோகலாமா?
– வாசகர், வரக்காப்பொல

பதில்: விளக்குமாற்றைக் கீழே வையுங்கள்! வாடகை தராமல் குடியிருந்த எலி, போகும்போது நோயை விட்டுப்போகும். காய்ந்த புழுக்கையைக் கூட்டினால் தூசியோடு ஹன்டா போன்ற வைரஸ் மூச்சில் ஏறலாம். கதவு, ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். ரப்பர் கையுறை, சப்பாத்து, முகக்கவசம் வேண்டும். ஒரு கோப்பை பிளீச்சுக்கு ஒன்பது கோப்பை தண்ணீர் கலந்து புழுக்கை, கூடு எல்லாவற்றையும் நனையுங்கள். வேறு எந்தத் திராவகத்தையும் அதில் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். ஐந்து நிமிடம் கழித்துத் துணியால் துடைத்தெடுத்து, இரட்டைப் பையில் கட்டுங்கள். சுவர் ஓட்டைகளை அடைக்காவிட்டால் அடுத்த வாரமே திரும்பி வரும்.

வரக்காப்பொல கேகாலை மாவட்டத்தில் இருப்பதால் உங்களுக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோரை எலிக்காய்ச்சல் சந்தேகத்தோடு பதிவுசெய்தார்கள். உங்கள் மாவட்டமும் கடுமையாக அடிபட்டது. எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில், காலில் உள்ள சிறு கீறலே கிருமிக்குப் போதும். சுத்தம் செய்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பனடோலோடு படுத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், எலி இருந்த காம்பராவைக் கழுவியதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.