ஸ்லாத்துக்குப் பத்தாயிரம், குரங்குக்கு ஐயாயிரம்

கோஸ்டாரிகா நாட்டுப் பணத்துக்குக் கொலோன் என்று பெயர். நோட்டின் முன்பக்கத்தில் பெரிய மனிதர்கள் இருப்பார்கள், பின்பக்கத்தில் பிராணிகள் இருக்கும். 1,000 கொலோனில் மான், 2,000 கொலோனில் சுறா, 5,000 கொலோனில் வெள்ளைமுகக் குரங்கு, 10,000 கொலோனில் ஸ்லாத். இதற்கு மேல் ஹம்மிங்பேர்டு போட்ட 20,000 கொலோனும் உண்டு. அது எங்கள் கைக்கு வரவில்லை. வந்த பணமெல்லாம் மானாகவும் சுறாவாகவும் வந்தது, வந்த வேகத்திலேயே போனது.

ஸ்லாத் என்பது மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அவசியம் இருந்தால் மட்டும் அசையும் ஒரு பிராணி. ஓடியாடி, தாவி, திருடி, பிள்ளைகுட்டிகளைச் சுமந்து குடும்பம் நடத்தும் குரங்குக்கு ஐயாயிரம், சும்மா தொங்குகிறதற்குப் பத்தாயிரம். அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தச் சம்பள விகிதத்தில் எனக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை.

அந்த 10,000 கொலோனின் முன்பக்கத்தில் இருப்பவர் ஹோசே ஃபிகெரெஸ். 1948-இல் அந்த நாட்டின் ராணுவத்தையே கலைத்துவிட்டவர். சண்டை வேண்டாம் என்றவர் முன்பக்கம், எதுவுமே வேண்டாம் என்று இருப்பது பின்பக்கம். இவ்வளவு பொருத்தமான நோட்டு வேறு எந்த நாட்டிலாவது இருக்குமா என்று தெரியவில்லை.

எங்கள் மகள் டெக்சஸில் வேலை பார்க்கிறாள். “நயாகராவை எல்லாரும்தான் பாக்குறாங்க. நாம கோஸ்டாரிகாவுல பசிபிக் கடலோரம் போவோம்ப்பா. கடற்கரை, பூங்கா, விலங்குகள், எல்லாம் ஒரே ரோட்டுல இருக்கு” என்றாள். கைபேசியில் ஒரு பட்டியலும் தயாரித்திருந்தாள். பிராணிகளின் பெயர், பார்க்க வேண்டிய இடம், பார்த்துவிட்டால் டிக் அடிக்க ஒரு கட்டம். என் மனைவியின் முன்னேற்பாடு வேறு மாதிரி. ஒரு பெரிய தோள்பை, அதற்குள் ஒரு டப்பா முறுக்கு.

தலைநகர் சான் ஹோசேயிலிருந்து கடலைப் பார்க்க இறங்கினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் தார்கோலெஸ் ஆறு. அதன் பாலத்தின் மேல் எல்லாரும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடக்கிறார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், கீழே சேற்றில் முதலைகள். அமெரிக்க முதலை என்ற இனம்; ஒவ்வொன்றும் நம் காரை விட நீளம் என்று முதலில் தோன்றும், சற்று நிதானித்தால் காரளவு என்று தோன்றும். தலைநகரின் சாக்கடையெல்லாம் கடைசியில் இந்த ஆற்றில்தான் வந்து சேர்கிறது. முதலைகள் யாரிடமும் மனுக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

“இதுக்கு உயிர் இருக்கா?” என்றாள் மனைவி.

வெகுநேரம் பார்த்தோம். எதுவும் அசையவில்லை. ஒவ்வொரு லாரி போகும்போதும் பாலம்தான் அசைந்தது. மகள் ‘முதலை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். “அசைஞ்சாத்தானே அடிக்கணும்?” என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

பாலத்துக்கு அப்பால் குளிரவைத்த இளநீர் விற்கிறார்கள். பிப்பா என்கிறார்கள். ஓட்டை போட்டு உறிஞ்சுகுழாய் செருகிக் கொடுப்பதோடு கடைக்காரரின் கடமை முடிந்தது. என் மனைவியின் கணக்கில் இளநீர் வியாபாரம் அங்கே பாதிதான் முடிகிறது. காயைத் திருப்பிக் கொடுத்து, வெட்டு என்று கையால் காட்டி, மட்டையைச் சீவி ஒரு கரண்டி செய்யவும் காட்டினாள். ஸ்பானிய மொழியில் ஒரு சொல் தெரியாமல், வழுக்கை வந்து சேர்ந்தது.

அந்தப் பக்கத்துக் கடற்கரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மக்காவ் கிளிகள். உடம்பு முழுக்கச் சிவப்பு, இறக்கையில் மஞ்சளும் நீலமும். அருகிலிருக்கும் கராரா தேசியப் பூங்காதான் அவற்றின் தலைமையகம். காலை உணவுக்குக் கடற்கரைக்கு வந்துவிடுகின்றன. எந்த மரத்துக்கு? நம் பள்ளிக்கூட வளாகங்களில் நிற்கும் அதே வாதாங்கொட்டை மரத்துக்கு. ஆசியாவின் மரம், யாரோ கொண்டுபோய் வைத்து, இன்று அந்தக் கரையெங்கும் நிற்கிறது. நாம் கல்லை வைத்து நசுக்கி, விரலையும் நசுக்கி எடுத்த பருப்பை, இந்தக் கிளிகள் அலகால் ஒரே கடியில் எடுக்கின்றன. எப்போதும் ஜோடியாகவே பறக்கின்றன. பறக்கும்போது வாய் ஓய்வதில்லை. ஒன்று கத்தி முடிப்பதற்குள் மற்றது தொடங்கிவிடுகிறது. நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கொட்டையின் ஓடு என் தலையில் விழுந்தது. அவள் தலையில் விழவில்லை.

உவிட்டாவை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் மறந்துவிடும். தெற்கே அந்த ஊரில் மரினோ பாயேனா என்று ஒரு கடல் தேசியப் பூங்கா. கடல் வற்றும் நேரத்தில் கரையிலிருந்து ஒரு மணல்திட்டு வெளிப்பட்டு, நுனியில் இரண்டாகப் பிரிந்து, திமிங்கலத்தின் வால் போலவே கிடக்கும். உண்மைத் திமிங்கலங்களும் வருவதுண்டு. வட துருவப் பக்கத்துக் கூனல் திமிங்கலங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களிலும், தென் துருவப் பக்கத்தவை ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலும் குட்டி போட வருகின்றன. நாங்கள் போன மே மாதம் இரண்டு கட்சிக்கும் பொதுவான விடுமுறை. வாலாவது இருக்கிறதே என்று, நேரம் பார்த்து, அதன் மேலேயே வெகுதூரம் நடந்தோம். சுற்றிலும் மணல். வானத்திலிருந்து பார்த்தால்தான் வால் தெரியுமாம். திரும்பி வந்து கடையில் ஒரு பட அஞ்சலட்டை வாங்கி, நாங்கள் எங்கே போய்விட்டு வந்தோம் என்று தெரிந்துகொண்டோம்.

இனி மனுவேல் அந்தோனியோ. 1972-இல் தேசியப் பூங்காவானது. அந்த நாட்டின் மிகச் சிறிய பூங்காக்களில் ஒன்று, கூட்டத்தில் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஒரு காலத்தில் தீவாக இருந்த குன்றைக் கடல் கொண்டுவந்து போட்ட மணல் கரையோடு சேர்த்துவிட்டிருக்கிறது. அந்த மணலின் இரு பக்கமும் இரண்டு கடற்கரைகள், பின்னால் காடு. செவ்வாய்க்கிழமை தோறும் விடுமுறை. நாங்கள் தங்கிய விடுதி சாலைக்கு மேலே மேட்டில் இருந்தது. அணில் குரங்குகள் சாலையைக் கடப்பதற்கென்று மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே நாம் கடப்பதற்கு ஒன்றும் கட்டவில்லை.

முதல் நாள் விடியுமுன் நாலரை மணிக்கு ஒரு சத்தம். மார்கழி மாதத்துக் கோயில் ஒலிபெருக்கி போல, திசை தெரியாமல், நிறுத்த ஆளில்லாமல். ஊளைக் குரங்கு. கழுத்தில் இருக்கும் ஓர் எலும்பு உள்ளே குடைவாகப் பெருத்திருப்பதால், கிலோமீட்டர் கணக்கில் கேட்கும்படி கத்த முடிகிறது. இவ்வளவும் எதற்கென்றால், “நாங்கள் இங்கே இருக்கிறோம், நீங்கள் அங்கேயே இருங்கள்” என்று பக்கத்துக் கூட்டத்துக்குச் சொல்லத்தான். வரவேற்பில் இருந்த பையனிடம் பக்கத்து அறைக்காரர் புகார் செய்தபோது, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்று அவன் ஆறுதல் சொன்னான்.

பூங்கா வாசலில் பை சோதனை. துப்பாக்கி, கத்தி தேடுகிறார்கள் என்று நினைத்தேன். தேடியது தின்பண்டம். தண்ணீர் பாட்டில் போகலாம், தின்பண்டம் போகக் கூடாது. மனிதத் தீனி தின்று பழகிய குரங்குக்குப் பல்லும் கெடும், வயிறும் கெடும், குணமும் கெடும். நான் காவலர் கட்சி. ஆனால் முறுக்கு டப்பாவை வெளியே வைத்துவிட்டுப் போவது என் மனைவியின் அகராதியில் இல்லை. ஆகவே காலை எட்டு மணிக்கு, பசிபிக் பெருங்கடலுக்குச் சற்று முன்னால், மூன்று பேரும் நடைபாதையில் உட்கார்ந்து ஒரு டப்பா முறுக்கைத் தின்று முடித்தோம். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பட்டியலில் எங்களுக்கும் ஒரு கட்டம் இருந்திருந்தால் டிக் அடித்திருப்பார்கள்.

உள்ளே வழிகாட்டி இல்லாமல் போனால் இலைதான் தெரியும். வழிகாட்டியோடு போனால், இலைக்கு நடுவே வேறு நிறத்தில் ஒன்று தெரியும். அவர் முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி, குவாருமோ மரத்தைக் காட்டி, “அதோ” என்றார். வரிசையில் நின்று பார்த்தோம். நரைத்த தேங்காய்நார்ப் பொதி ஒன்று. மூன்றுவிரல் ஸ்லாத். அதன் ரோமத்தில் பாசி வளர்வதால் மழைக்காலத்தில் பச்சையடிக்கும். பெரும்பாலான பாலூட்டிகளுக்குக் கழுத்தெலும்பு ஏழு. இதற்கு எட்டு, ஒன்பது. உடம்பைத் திருப்பாமலே சுற்றிலும் பார்க்கலாம். இலைதான் சாப்பாடு, அது செரிக்கவே பல நாள் ஆகும். வாரத்துக்கு ஒரு தரம், மலம் கழிக்க மட்டும் மரத்தை விட்டு இறங்கும்.

இதையெல்லாம் மகள் தமிழில் சொல்லச் சொல்ல, மனைவி தலையை மெல்ல என் பக்கம் திருப்பினாள். ஒன்றும் சொல்லவில்லை.

வழிகாட்டி எல்லாருடைய கைபேசியையும் வாங்கி, தொலைநோக்கியின் கண்ணில் வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தார். அன்று உலகத்தின் பல நாடுகளுக்கும் ஒரே பொதியின் ஒரே படம் போய்ச் சேர்ந்தது.

கடற்கரை ஓரத்தில் சில மரங்களுக்கு எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தது. மன்சனீயோ. சின்ன ஆப்பிள் போன்ற பழம், வாயில் வைத்தால் வெந்துவிடும். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதனடியில் ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே போதும். சொல்லிவைத்தாற்போல மழை வந்தது. மழை என்றால் மரத்தடி என்று காலம் காலமாகப் பழகிய உடம்பு தானாக நகர, வழிகாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து நனையவிட்டார்.

மழை விட்டதும் வெள்ளைமுகக் குரங்குகள் வந்தன. இவற்றைப் பார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை, வழிகாட்டி தேவையில்லை. பை இருந்தால் போதும். சோதனைக்குத் தப்பி ஏதாவது உள்ளே வந்திருக்கும் என்பது அவற்றின் நம்பிக்கை. ஆசனம் போட்டாற்போல ஒன்று எதிரே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, சுற்றியிருந்தவர்களை “ஐயோ, எவ்வளவு அழகு!” என்று உருக வைத்தது. உருகிய ஒரு ஜெர்மன் அம்மாளின் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று அவருடைய பையின் ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு ரக்கூன், பங்குக்காகக் காத்திருந்தது.

என் மனைவி பிறந்து வளர்ந்தது மதுரை. அழகர்கோவில் படிகளில் தேங்காய்ப் பழத் தட்டோடு ஏறி இறங்கியவள். “ஏய்! வை கீழே! போ!” என்று ஒரு குரல் கொடுத்தாள். தமிழில்தான். குரங்கு அவளைப் பார்த்தது, ஜிப்பை விட்டது, போனது. இத்தனைக்கும் அந்த இனம் நம் நாட்டுக் குரங்கோடு கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே உறவை முறித்துக்கொண்டது. ரக்கூனும் எழுந்து போய்விட்டது.

பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மாள் தன் பையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்கினார். அவருடைய நண்பர்களும் கொடுத்தார்கள். மனைவி எல்லாப் பையையும் வட்டமாக வைத்து நடுவே உட்கார்ந்து, துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டி, மகளை வைத்துப் பாடம் எடுத்தாள். கண்ணைப் பார்க்காதே. ஓடாதே. பல்லைக் காட்டிச் சிரிக்காதே, அது சண்டைக்கு இழுப்பதாக நினைக்கும். இரண்டு கையையும் விரித்து, ஒன்றுமில்லை என்று காட்டு. வெள்ளைக்காரர்கள் வரிசையாகக் கையை விரித்துக் காட்டிப் பழகினார்கள். காசு கொடுத்துக் கூட்டிவந்த எங்கள் வழிகாட்டியும் தொலைநோக்கியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடுதித் திண்ணையில் காலைச் சாப்பாடு. காயோ பின்தோ, அதாவது கறுப்பு பீன்ஸ் போட்டுப் புரட்டிய சோறு. “காலையில சோறு போடுற ஊரு தப்பா இருக்காது” என்று மனைவி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்கு வந்த ஜெர்மன் அம்மாள், நாளைக்கு எத்தனை மணிக்குப் பூங்காவுக்குப் போகிறீர்கள், நாங்களும் கூட வரலாமா என்று மகளிடம் கேட்டார்.

“நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. பூங்காவுக்கு லீவாம்மா” என்றாள் மகள்.

மனைவி திண்ணைக் கைப்பிடியின் கோடியைப் பார்த்தாள். ஓர் ஐயாயிரம் கொலோன் அங்கே உட்கார்ந்து எங்கள் வெண்ணெய்க் கிண்ணத்தை மதிப்பிட்டுக்கொண்டிருந்தது.

“லீவு பூங்காவுக்குத்தானே?” என்றாள். “அந்தம்மாவை முதல்ல பையை மூடச் சொல்லு.”